வெள்ளைக் கோது, மஞ்சள் கோது

பிரித்தானிய இந்தியாவின் படைமுகாம்களில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பெட்டியில் அடுக்கி வைத்த துப்பாக்கி ரவைகள் யாரும் சுடாமலே, கீழே போடாமலே, தாமாகக் கோது பிளந்து கிடந்தன. கோடையில் அடுக்கும்போது குறையேதும் தெரியவில்லை. மழைக்காலம் கழிந்து பெட்டியைத் திறந்தால் கோதுகளில் மயிரிழை வெடிப்புகள். உலோகம் தேய்ந்து போயிருக்கவில்லை, களிம்புகூடப் பெரிதாகப் படியவில்லை. வெறும் மழைக்குப் பித்தளை பிளக்குமென்றால் நம் வீடுகளில் ஒரு குத்துவிளக்கும் மிஞ்சியிருக்காது. குதிரை லாயங்களில் வைத்திருந்த பெட்டிகள் கெட்டதுதான் முக்கியமான துப்பு. குதிரையின் சிறுநீர் சிதைந்து எழும் அமோனியா, மழைக்கால ஈரம், கோதைச் செய்யும்போதே அதன் உடலில் உறைந்துபோன இழுவைத் தகைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் வெடிப்பு விழுந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பிரித்தானிய ஆய்வாளர்கள் 1921இல் வெளியிட்ட ஆய்வு இதை நிலைநாட்டியது. அவர்கள் கண்ட பரிகாரம்தான் இந்த அத்தியாயத்தின் அச்சாணி. கோதின் மேல் எதையும் பூசச் சொல்லவில்லை. அளவான சூட்டில் சிறிது நேரம் வைத்து, உலோகம் மென்மையாகிவிடாமல் உள்ளே இருந்த தகைப்பை மட்டும் தளர்த்தினார்கள். அமோனியா இருந்தபடியே இருந்தது, மழையும் பெய்தபடியே பெய்தது, வெடிப்பு குறைந்தது.

சுட்ட கோதை எடுத்துத் துப்புரவாக்கி, பழைய அளவுக்கு நெருக்கி, மீண்டும் நிரப்பிச் சுடும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலக்குச் சுடுவோரிடையே பரவலாக உண்டு. அவர்களிடம் தீராத ஒரு வழக்கு இருக்கிறது: நிக்கல் பூசிய வெள்ளைக் கோது நல்லதா, பூச்சில்லாத மஞ்சள் கோது நல்லதா? இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் துப்பாக்கியே அனுமதிப் பத்திரத்துக்கு உட்பட்டது. ஆகவே வீட்டு மேசையில் ரவை நிரப்பும் கலையை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வழக்கில் அடங்கியிருக்கும் உலோகவியல், உப்புக்காற்றும் உவர்நீரும் சூழ்ந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோருக்கு அந்நியமானதல்ல. பூச்சு பூசினால் உலோகம் பிழைக்கும் என்பது இங்கே வீட்டுக்கு வீடு நிலவும் நம்பிக்கை. கதவுப் பிணைச்சலில் தொடங்கி வள்ளத்தின் எஞ்சின் ஆணி வரை அப்படித்தான் வாங்குகிறோம். கோதின் விடயத்தில் அந்த நம்பிக்கை பாதிதான் சரி. கோது காத்திருக்கும் காலத்தில் பூச்சு உதவுகிறது. திரும்பத் திரும்ப உழைக்க வேண்டிய கோதுக்கு அதே பூச்சு தடையாகிறது. ஏனென்றால் கோதின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அரிப்பு அல்ல, உள்ளே சேரும் தகைப்பு.

ரவைக் கோதின் வேலை என்னவென்று பார்த்தால் இது விளங்கும். மருந்தையும் குண்டையும் சேர்த்துப் பிடிக்கும் உறை என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு அடைப்பான். மருந்து எரியும் கணத்தில் துப்பாக்கியின் அறைக்குள் அமுக்கம் எழும். .303 ரைபிளில் அது மூவாயிரம் வளிமண்டலத்தையும் தாண்டும். அந்த அமுக்கத்தில் கோதின் மெல்லிய சுவர் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கொதிக்கும் வாயு பின்னால் சுடுபவர் முகத்தில் அடிப்பதில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறி அமுக்கம் விழுந்ததும் கோது சற்றே சுருங்கி அறையை விட்டு விலக வேண்டும், இல்லாவிட்டால் இழுத்தாலும் வராது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைக்கு இந்த இரண்டு குணமும் ஒருங்கே வாய்த்திருக்கின்றன. உருக்கைவிட ஏறக்குறைய இருமடங்கு எளிதாக நெகிழும், அறுந்து போகாமல் நீளும், குளிர்நிலையில் அடித்தால் இறுகும், சூடாக்கினால் மறுபடி இளகும். இந்தக் கடைசிக் குணம் இல்லையென்றால் மீள்நிரப்பல் என்ற வழக்கமே பிறந்திருக்காது. 1866இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட பொக்சர் கோது மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. 1880களின் சூடான் போரில் அது மார்ட்டினி–ஹென்றி ரைபிள்களின் அறையில் சிக்கிப் பல வீரர்களைக் கையறு நிலையில் விட்டது. பிறகே ஒரே துண்டிலிருந்து இழுத்தெடுத்த கோது முழுமையாக அந்த இடத்துக்கு வந்தது.

இழுத்தெடுப்பது என்றால், தடித்த பித்தளை வட்டத்தை முதலில் கிண்ணமாக்கி, பிறகு படிப்படியாக அச்சுகளுக்குள் தள்ளி நீளமான குழாயாக்குவது. ஒவ்வொரு தள்ளலிலும் உலோகம் இறுகுகிறது. வெளித்தோல் ஒரு பக்கம் இழுபட, உட்புறம் மற்றப் பக்கம் நெருக்கப்பட, வேலை முடிந்த பின்னும் அந்த இழுபறி உலோகத்துக்குள்ளேயே உறைந்துவிடுகிறது. இதனால்தான் ஒரே பித்தளைக்கு இரண்டு விதி. வார்த்து எடுத்த குத்துவிளக்கு அச்சுக்குள் மெதுவாக ஆறியது, அதற்குள் இழுவைத் தகைப்பு குறைவு. தலைமுறை தலைமுறையாகப் பூசையறையில் நின்றாலும் பிளப்பதில்லை. இழுத்த கோது பிறக்கும்போதே இழுபட்டுப் பிறக்கிறது. அமோனியா பட்டால், செம்பு அதனுடன் சேர்ந்து கரையக்கூடிய சேர்மமாக, பித்தளையின் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகள் நெடுக அரிப்பு இறங்குகிறது. மணி எல்லையில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால் போதும், உள்ளே காத்திருக்கும் இழுவை அதை அகட்டிவிடுகிறது. அகன்ற வெடிப்புக்குள் மறுபடி ஈரமும் அமோனியாவும் நுழைகின்றன. அரிப்பு தனியாகவும் இதைச் செய்யாது, தகைப்பு தனியாகவும் இதைச் செய்யாது.

இனி வெள்ளைக் கோது. நிக்கல் பூச்சு வெறும் பகட்டு என்று ஒதுக்குவோர் அதன் வரலாற்றைப் பார்க்கத் தவறுகிறார்கள். அமெரிக்கப் பொலிசார் ரிவோல்வர் ரவைகளைத் தோல் இடைவாரில் தைத்த வளையங்களில் செருகி மாதக்கணக்கில் சுமந்தார்கள். தோல் பதனிட்ட தனின் முதலிய அமிலங்களும் வியர்வையும் பித்தளையைத் தின்று பச்சைக் களிம்பைக் கிளப்பின. களிம்பு பிடித்த ரவை அவசரத்தில் வளையத்தை விட்டு வராது, வந்தாலும் அறைக்குள் போகாது. நிக்கல் பூசிய .38 ஸ்பெஷல் கோது இந்தத் தொல்லையைத் தீர்த்தது. வழவழப்பான, கடினமான மேற்பரப்பு அறையிலிருந்து எளிதாகவும் கழலும். மங்கிய வெளிச்சத்தில் அறைக்குள் ரவை இருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரியும். இவை உண்மையான நன்மைகள், மறுப்பதற்கில்லை. நம் அடுக்களையில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதும் இதே வகை அறிவுதான்: புளிக்குழம்பு பித்தளையைத் தொடக்கூடாது, ஆகவே நடுவில் ஒரு திரை. ஆனால் ஈயம் தேய்ந்தால் பூசுகிறவரைக் கூப்பிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். பாத்திரம் ஒவ்வொரு சமையலிலும் விரிந்து சுருங்குவதுமில்லை.

கோது விரிந்து சுருங்குகிறது. சுடும்போது விரிகிறது, அச்சுக்குள் நெருக்கும்போது சுருங்குகிறது, புதுக் குண்டை ஏற்க அதன் வாய் மறுபடி அகட்டப்படுகிறது, குண்டைப் பிடித்துக்கொள்ள மறுபடி இறுக்கப்படுகிறது. கோதின் வாய்ச்சுவர் ஏறக்குறைய மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குத் தடிப்பு. அதன் மேல் நிக்கல் சில மைக்ரோன். மின்பகுப்பில் படிந்த நிக்கல் கடினமானது, பித்தளை அளவுக்கு நீளத் தெரியாதது. அடியில் இருக்கும் பித்தளை நீளும்போது மேலிருக்கும் நிக்கல் ஈடுகொடுக்க முடியாமல் நுண்கீறல் விடுகிறது. கீறலின் முனையில் தகைப்பு குவியும். அங்கிருந்து வெடிப்பு பித்தளைக்குள் இறங்க வழி கிடைத்துவிடுகிறது. பூச்சு சிதறி உரிந்தால் அந்தச் செதில்கள் அச்சுக்குள் ஒட்டி, அடுத்து வரும் கோதுகளை எல்லாம் கீறும். மீள்நிரப்புவோர் வெள்ளைக் கோதின் வாய் விரைவாகப் பிளக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறைக்கு இதைத் தவிர வேறு மர்மம் தேவையில்லை. மஞ்சள் கோதுக்கு ஒரு மருத்துவமும் உண்டு: இறுகிப்போன கழுத்தைச் சில விநாடி சூடாக்கினால் பித்தளை இளகி மறுவாழ்வு பெறும். படைக்கலத் தொழிற்சாலையிலிருந்து வரும் ரைபிள் கோதுகளின் கழுத்தில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறமாற்றம் தெரிவது அந்தச் சூட்டின் தடம். வெள்ளைக் கோதில் அந்த நிறத்தை நிக்கல் மறைத்துவிடுகிறது. சூடு போதுமா, மிஞ்சியதா என்று கண்ணால் அறிய வழியில்லை. 1455 பாகை செல்சியசில் உருகும் நிக்கலை இளக்கப் போதுமான வெப்பம் பித்தளைக்கு அளவு மீறியதாகவும் இருக்கும்.

வெள்ளைக் கோது பிளப்பதற்கு ஐதரசன் மேல் பழிபோடுவோர் உண்டு. மின்பகுப்புத் தொட்டியில் ஐதரசன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்கிறது என்பது அவர்கள் வாதம். உயர்வலிமை உருக்கில் இது மெய்யான ஆபத்து. முலாம் பூசிய உருக்கு ஆணிகளை உடனே சூடேற்றி ஐதரசனை வெளியேற்றுவது பட்டறை வழக்கம். ஆனால் செம்பும் அதன் எளிய பித்தளைகளும் அந்த வகை நொறுங்கலுக்குப் பெரிதாக இடம்கொடுப்பவை அல்ல. கடினமான பூச்சும் நெகிழும் அடித்தளமும் ஒத்துப்போகாதது என்ற எளிய விளக்கம் கண்டதை எல்லாம் விளக்கும்போது, ஐதரசனைக் கூப்பிட வேண்டிய அவசியம் தெரியவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று வாவிக்கரையிலிருந்தே எழும். ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீளத்துக்கு எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கும் இந்த வாவி, மாரி மழையில் நன்னீராகி, கோடையில் உவர்ப்பேறும். பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு அருகே உப்பு காற்றிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் சற்றேனும் பாதுகாப்புத் தரும் பூச்சை வேண்டாமென்பது வெறும் ஏட்டு வாதம் அல்லவா? பூச்சு முழுமையாக இருக்கும்வரை இந்த மறுப்பு சரிதான். ஆனால் மெல்லிய நிக்கல் பூச்சில் நுண்துளைகள் இருந்தே தீரும். கடுமையான வெளிச்சூழலுக்குப் பூசும் நிக்கல் இருபது முப்பது மைக்ரோன் தடிப்பு வேண்டுவது இதனால்தான். கோதின் பூச்சு அந்தத் தடிப்புக்கு எங்கே வரும்? வந்தாலும் இன்னும் விரைவாக வெடிக்கும். அத்துடன் நிக்கல் தன் மெல்லிய ஒக்சைட்டுப் படலத்தோடு இருக்கும்போது உப்புநீரில் பித்தளையைவிட உயர்ந்த உலோகமாக நடந்துகொள்கிறது. துளையில் தலைகாட்டும் சிறு பித்தளைப் புள்ளி எதிரே பரந்த நிக்கல் பரப்புக்குப் பலியாகி, தனியாக இருந்தால் கெடும் வேகத்தைவிட விரைவாகக் கெடுகிறது. இதே கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரியும் இடம் செம்பு பூசிய உருக்குக் கோது. இலங்கையில் பெரிதும் புழங்கிய டி-56 துப்பாக்கிக்கான சீன ரவைகளில் இந்த வகை சாதாரணம். உவர்மண்ணில் கிடக்கும் அத்தகைய கோதில் பூச்சு கீறிய இடத்திலெல்லாம் துரு உள்ளே ஓடி, உருக்கு உளுத்துப்போகும். பூச்சில்லாத பித்தளைக் கோது அதே மண்ணில் பச்சை படர்ந்து, பச்சைக்கு அடியில் கோதாகவே மிஞ்சும். போருக்குப் பின் 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்படும் வரை மண்ணைத் துழாவிய உலோகமறி கருவிகளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்திருக்கும். வேதியியலுக்கு அவை ஒன்றல்ல.

கடலையே வீடாகக் கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் தகும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கிய எச்.எம்.எஸ். ஹேர்மிஸ், விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல். இன்று அது ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அதன் 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுட்டவை பித்தளைக் கோதில் அடைத்த குண்டுகள். பிரித்தானியக் கடற்படை அந்த வகைக் கோதுகளைச் சுட்டதும் கடலில் எறிந்துவிடும் பொருளாக மட்டும் கருதவில்லை. வாய்ப்புள்ளபோது திரட்டிக் கிடங்குக்கு அனுப்பி, உருத்திருத்தி, மறுபடி நிரப்பியது. எத்தனையாவது நிரப்பல் என்பதைக் காட்டும் குறிகள் கோதின் அடிப்பாகத்தில் பொறிக்கப்பட்டன. மீள்நிரப்பலை ஓர் அரச நிறுவனம் பெருமளவில், கணக்கு வைத்துச் செய்த இடம் இது. உப்பை முழுமையாக அறிந்த அந்த நிறுவனம் தேர்ந்தது பூச்சில்லாத பித்தளையை. செலவு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சூடாக்கி, நெருக்கி, உருத்திருத்த வேண்டிய பொருளுக்கு மேலே கடினமான தோல் போர்த்துவது தொழில்முறையிலேயே பொருந்தாது.

இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. லாயத்தில் கெட்டவை எல்லாம் பூச்சில்லாத கோதுகள்தானே. நிக்கல் பூசியிருந்தால் அமோனியா பித்தளையைத் தொட்டிருக்காதே? சுடாத புதுக் கோதுக்கு இதில் உண்மை உண்டு, அந்த அளவுக்கு நான் ஏற்கிறேன். மீள்நிரப்பிய கோதுக்கு ஏற்கமாட்டேன். இழுவைத் தகைப்பு மிகுந்த இடம் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் வாய். நிக்கல் முதலில் கீறிப்போகும் இடமும் அந்த வாய்தான். நீண்டுவிட்ட கோதை அளவுக்கு வெட்டினால் விளிம்பு முழுவதும் பூச்சற்றுப் போகும். காவல் எங்கே மிகவும் வேண்டுமோ அங்கே காவல் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, உள்ளிருக்கும் தகைப்பைத் தளர்த்திய 1921ஆம் ஆண்டின் வழி பூச்சைவிட ஆழமானது என்று கருதுகிறேன்.

துப்புரவாக்கும் விடயத்திலும் இதே பாடம் வேறு முகத்தோடு வருகிறது. மஞ்சள் கோது கறுக்கும், களிம்பு பிடிக்கும். துடைத்தால் தெரியும் என்பது அதன் நேர்மை. புளியின் டார்டாரிக் அமிலமும் தேசிக்காயின் சித்திரிக் அமிலமும் செம்பு ஒக்சைட்டைக் கரைக்கும், அதனால்தான் நம் வீடுகளில் விளக்கு புளியால் பளிச்சிடுகிறது. மீள்நிரப்புவோரும் நீர்த்த சித்திரிக் அமிலத்தையே நாடுகிறார்கள். நீண்ட நேரம் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பில் செம்பு மட்டும் இளஞ்சிவப்பாக மிஞ்சும். அது அழகு அல்ல, எச்சரிக்கை. பித்தளை மினுக்கக் கடையில் விற்கும் தகரப் புட்டித் திரவங்களில் பல அமோனியா கலந்தவை. வார்த்த விளக்குக்கு அவற்றால் பெரிய தீங்கில்லை, இழுத்த கோதுக்கு அவை லாயத்தையே புட்டியில் அடைத்துக் கொண்டுவந்தது மாதிரி. வெள்ளைக் கோதோ தேய்க்காமலே மினுங்கும், அதன் அடியில் வெடிப்பு ஊர்ந்துகொண்டிருந்தாலும் மினுங்கும்.

படுவான்கரையில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் எதிராக வயல் காக்க அனுமதிப் பத்திரத்துடன் ஒரு விவசாயி வைத்திருப்பது பெரும்பாலும் ரைபிள் அல்ல, சன்னத் துப்பாக்கி. அதன் ரவைக்கு உடல் பிளாஸ்டிக்; அடியில் இருக்கும் பொன்னிறத் தொப்பியைப் பலர் பித்தளை என்று எண்ணுகிறார்கள். இன்று வரும் ரவைகள் பலவற்றில் அது பித்தளை பூசிய உருக்கு. ஒரு காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டினால், அந்தத் தொப்பிக்கு அமோனியாவைவிட உப்பும் ஈரமும் பெரிய எதிரிகள். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் திண்ணிய பித்தளை, அதற்கு எதிரி அமோனியா. யூரியா மூட்டை ஈரத்தில் கசிந்து சிதையும்போது அமோனியா எழும். மாட்டுத்தொழுவத்தில் அது எப்போதும் உண்டு. மட்டக்களப்பு தயிருக்கும் நெல்லுக்கும் பெயர்பெற்ற மண், ஆகவே தொழுவமும் உர மூட்டையும் ஒரே வளவில் இருப்பது இங்கே வழமை. எந்த உலோகமானாலும், இறுக மூடும் பெட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள், உரம் அடுக்காத வேறோர் அறை என்ற மூன்றும் ஒரு மாரியைத் தாண்ட எந்த மேற்பூச்சையும்விட அதிகம் உதவும். தொப்பியில் பச்சையோ செந்துருவோ கண்ட ரவையைத் துடைத்து மினுக்கிப் பயன்படுத்துவதைவிட, சட்டப்படி ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்குவது மலிவு.